குடித்திருந்ததாக எழுதச் சொன்ன கடிதம்

அன்று காளிச்சாமியின் எண்ணெய் மில் அலுவலகத்தில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் காளிச்சாமி. அவருக்குப் பக்கத்தில் ஸ்டீல் நாற்காலியில் அவர் மகன் சரவணன். வீட்டுக்குள் போகும் வாசலில் முக்காலி போட்டு அவர் மனைவி சென்னியம்மாள். மேசைக்கு இந்தப் பக்கம், தரையில் குத்தவைத்து, என் சித்தப்பா சின்னான். அவர் அந்த மில்லின் களத்தில்தான் கொப்பரை காயப்போடுகிறார். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு என் தம்பி கௌதமன். கதவோரமாக நான். எங்களுக்கும் மேசைக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. உட்காரச் சொல்ல ஆளில்லை.

என் பெயர் அன்புக்கரசி. வெள்ளகோவிலில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் காலனியில் தெருவிளக்குக்கு மனு, பட்டாவுக்கு மனு, முதியோர் உதவித்தொகைக்கு மனு என்று யாருக்கு எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பியதும் எழுதத்தான்.

நடந்தது இதுதான். கௌதமன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறான். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு டீசல் போடப் பெட்ரோல் பங்குக்குப் போயிருக்கிறான். அங்கே சரவணனின் கார் நின்றிருக்கிறது. உள்ளே அவனோடு காளிச்சாமியும், அவனுக்குப் பெண் கொடுக்க இருக்கும் தாராபுரத்துக்காரர்களும். இவன் வேனில் இருந்தபடியே தலையை வெளியே நீட்டி, "ஏன் சரவணா, சனிக்கெழம உன்னையக் காணோம்?" என்று கேட்டிருக்கிறான்.

அவ்வளவுதான். எங்கள் காலனியில் பிறந்த யாரும் அந்த வீட்டில் பிறந்த யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர் பண்ணாடி, மகன் சின்னப் பண்ணாடி. கூடவே ஒரு 'ங்க'. ஆனால் முத்தூர் ரோட்டு மதுக்கடையை ஒட்டித் தகரம் போட்ட ஒரு பார் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை சாயங்காலம் கௌதமனும் சரவணனும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். அங்கே இவன் கௌதமா, அவன் சரவணா. அந்தப் பேரைத்தான் இவன் பட்டப்பகலில், சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி சொல்லிவிட்டான்.

"வா அம்மணி. பேப்பர் பேனா கொண்டாந்தியா?" என்றார் காளிச்சாமி. அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. களத்தில் ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதும் 'கண்ணு' என்று கூப்பிட்டுத்தான் நிறுத்துவார்.

"கொண்டாந்திருக்கறனுங்க."

"நானும் இவன் மேல கோவப்படல. சின்னப் பையன். தாராபுரத்துக்காரங்க கேட்டாங்க, நானும் ஒரு பதிலச் சொல்லிப்போட்டேன். குடிச்சுப்போட்டு ஒளர்றானுங்க, கண்டுக்காதீங்கன்னு. அதையே ரெண்டு வரி இவன் கையெழுத்துல குடுத்துட்டான்னா அவங்களுக்கும் நம்பிக்கையா இருக்கும். முடிஞ்சு போச்சு."

"நான் குடிச்சிருக்கலீங்க" என்றான் கௌதமன். "காலைல பிள்ளைகள ஏத்தறவன் குடிப்பனுங்களா?"

காளிச்சாமி சிரித்தார். "குடிக்காம சொல்லியிருந்தீன்னா அது பெரிய தப்பாப் போயிருமே கண்ணு."

சின்னான் சித்தப்பா தரையில் இருந்தபடியே தலையைத் திருப்பினார். "ஏன்டா, பண்ணாடி வழி சொல்றாருல்ல? போதைல சொல்லிப்போட்டன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. யாரு குடிக்கல? நானுந்தான் குடிக்கறேன்."

"நீ குடிச்சாலும் பண்ணாடீங்கன்னுதான் ஒளருவ சின்னா" என்று வாசலில் இருந்து சென்னியம்மாள் சொன்னார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது.

"அப்படியே, இனிமேப்பட்டு குடிக்க மாட்டேன்னும் ஒரு வரி போட்டுரு அம்மணி. உங்க ஊட்டுக்கும் நல்லதுதான?" என்றார் காளிச்சாமி.

இங்கேதான் என் கை சபலப்பட்டது. அந்த ஒரு வரியை அவனிடம் எழுதி வாங்க நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் அப்பா குடித்தே ஈரல் கெட்டுச் செத்தார். அந்த ஆஸ்பத்திரி வாடை என் மூக்கில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவன் சனிக்கிழமை ஆனால் சட்டை மாற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவனைப் போலக் கிளம்புவான். ஒருமுறை சோற்றுத் தட்டை அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று கேட்டேன். சாராயம்தான் வேண்டுமென்றால் வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் குடித்துத் தொலைப்பதுதானே என்றேன்.

"ஊட்டுல குடிச்சா சாராயம் மட்டுந்தான்க்கா" என்றான். "அந்தக் கருமம் கசக்குது. யாருக்குப் புடிக்குது அது."

"அப்பறம்?"

"நானு காலைல எந்திரிச்சதுல இருந்து ங்க போட்டே பேசறேன். பள்ளிக்கூடத்துல ங்க. பங்குல ங்க. எம்பட வயசுல பாதி இருக்கற பையன், மில்லுக்காரங்க ஊட்டுப் பையன்னா அவனுக்கும் ங்க. அங்க போயி உக்காந்தா அது வேண்டியதில்ல. எல்லாத்துக்கும் அதே பிளாஸ்டிக் டம்ளரு, அதே சேரு. என்ற தட்டுல இருக்கற குடல் வறுவல அவன் எடுத்துத் திங்கறான். அவனுதுல நான் திங்கறேன். யாரும் பாக்கறதில்ல. நான் சொல்ற ஜோக்குக்குச் சிரிக்கறாங்கக்கா. சத்தமா."

"ஒரு மணி நேரத்துக்கு."

"ரெண்டு மணி நேரம்" என்றான் கௌதமன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

எனக்கு அன்று வந்த கோபம் அவன் மேலா, அந்தத் தகரக் கொட்டகை மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஈரத் தரை, மூத்திர நாற்றம், நசுக்கிப் போட்ட டம்ளர்கள், ஈ மொய்க்கும் சுண்டல். என் தம்பி சமமாக உட்கார இந்த ஊர் ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. அதற்கும் ஈரலைக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் மனதில் ஓட, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சென்னியம்மாள் முக்காலியில் நிமிர்ந்தார்.

"எழுதறதுக்கு மேசை வேணுமில்லீங்க" என்றேன்.

பேனாவைத் திறந்தேன். கௌதமன் என் முதுகுக்குப் பின்னால் இருந்து பேசினான், என்னிடம் இல்லை, சரவணனிடம்.

"நீங்க சொல்லுங்க. சனிக்கெழம சனிக்கெழம நாம ஒண்ணா உக்காரறதில்லீங்களா? உங்க வாயில நீங்க சொன்னதுதான, பேரச் சொல்லியே கூப்புடுன்னு."

அவனுடைய 'நீங்க'வைக் கேட்டதும் சரவணன் கைபேசியில் இருந்து கண்ணை எடுத்தான். எடுத்த கண் அப்பாவிடம் போனது, எங்களிடம் வரவில்லை.

"போதைல யாரு பக்கத்துல யாரு உக்காந்தாங்கன்னு எவன் ஞாபகம் வெச்சிருப்பான்" என்றான். "நானும் குடிச்சிருந்திருப்பேன். அதுக்கு என்ன இப்ப?"

"அப்ப நீங்களும் ஒண்ணு எழுதிக் குடுப்பீங்களா, போதைல என்னையச் சேத்திக்கிட்டேன்னு?"

"டேய்" என்றார் சித்தப்பா.

சரவணனின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் பயந்திருந்தான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கௌதமனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் குரல் இறங்கியது.

"பயப்படாதீங்க. அங்க பேசுனத நான் இங்க பேச மாட்டேன்."

"அங்க என்ன பேசுனீங்க?" என்று காளிச்சாமி மகனைப் பார்த்துக் கேட்டார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒண்ணுமில்லீங்கப்பா."

பெற்ற அப்பனுக்கும் ஒரு 'ங்க'. அவனும் அந்தத் தகரக் கொட்டகைக்கு ஏன் போகிறான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இரக்கம் வரவில்லை. அங்கே போய் மனுஷனாக உட்கார்ந்துவிட்டு, இங்கே வந்து கூட உட்கார்ந்தவனைக் குடிகாரன் என்கிறவனுக்கு நான் எதற்கு இரக்கப்பட வேண்டும்?

"எழுது அம்மணி. நேரமாகுது."

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுத வரிசை சொல்லிக்கொடுத்தார்கள்: அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகுதான் மற்றது. அந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. அனுப்புநர் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"பெறுநர் யாருங்க?"

"இவன் வேன் ஓட்டற பள்ளிக்கூடத்துத் தாளாளர்னு போட்டுக்க."

"தாராபுரத்துக்காரங்களுக்குக் காட்டறதுக்குன்னுதான சொன்னீங்க? அதுக்குத் தாளாளர் எதுக்குங்க?"

"யாருக்காவது எழுதோணுமில்ல? ஒரு மொறைக்குத்தான். இந்த மேசைக்குள்ளயே கெடக்கப்போவுது."

அந்தத் தாளாளர் சென்னியம்மாளுக்குத் தம்பி முறை. திங்கட்கிழமை காலையில், வேன் ஓட்டுகிற நேரத்தில், குடித்திருந்தேன் என்று டிரைவரே கையெழுத்துப் போட்ட தாள். அதைத் தாளாளர் பார்த்தால் அன்றே வேன் சாவியை வாங்கிவிடுவார். இந்த ஊரில் வேறு எந்த ஓனரும் அவனிடம் ஒரு டெம்போவைக்கூடக் கொடுக்க மாட்டார். அவன் வேலையை மேசைக்குள் போட்டுப் பூட்டிவைத்துக்கொண்டு, அடுத்து எவனாவது பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் காளிச்சாமி கண்ணு கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பேனாவை மூடினேன்.

"இத நான் எழுத மாட்டனுங்க."

"உனக்கு எழுதத் தெரியும்னுதான் கூப்புட்டேன் அம்மணி. கோவிச்சுக்காத. நாளைக்குள்ள கடுதாசி வரலைன்னா நானே தாளாளர்கிட்டப் பேசிக்கறேன். வாயில சொன்னாலும் அவரு கேப்பாரு."

சித்தப்பா எழுந்து கைகட்டி நின்றார். "பொட்டப்புள்ள, தெரியாமப் பேசறாளுங்க." அவர் எங்களுக்காகத்தான் கெஞ்சினார். அவர் வேலையும் அந்தக் களத்தில்தான் இருக்கிறது. அது தெரிந்தும் வெளியே வந்ததும் அவரிடம் கத்தினேன். அவர் களத்துக்குப் போய்க் கொப்பரையைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து வேறு தாள் எடுத்தேன். வாயால் போகிற சேதிக்கு எதிராகக் கையெழுத்தோடு ஒன்று போய்ச் சேர வேண்டும். பெறுநர் அதே தாளாளர்தான். பதிவுத் தபாலில் போனால் வாங்கியதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வேலையை விட்டு நிறுத்தினால் ஏன் என்று அவரும் தாளில் எழுதித்தான் ஆக வேண்டும். எதிரில் கட்டிலில் உட்கார்ந்து கௌதமன் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதியதைப் படித்துக் காட்டினேன். "திங்கட்கிழமை காலை நான் மது அருந்தியிருக்கவில்லை. பிள்ளைகளை ஏற்றும் எந்த நாளிலும் அருந்தியதில்லை. தினமும் வண்டி எடுக்கும் முன் என்னைச் சோதித்துக்கொள்ளலாம். அன்று பங்கில் நான் திரு. சரவணனைப் பேர் சொல்லி அழைத்தேன். அவர் என் நண்பர் என்பதால்."

"நண்பர்னு போடாதக்கா."

"அப்பறம் என்னன்னு போடறது?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரிஞ்சவருன்னு போடு."

அடித்துவிட்டு 'தெரிந்தவர்' என்று எழுதினேன். அடித்தல் இருந்தால் மனு செல்லாது என்று யாராவது சொல்லுவார்கள். மறுபடியும் புதுத் தாளில் முதலில் இருந்து எழுதினேன். கடைசி வரி வந்ததும், அவனைக் கேட்காமலே, "இனி மது அருந்த மாட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

அவன் தாளின் மேல் கையை வைத்தான். "பொய்யி எழுதாத."

"இன்னுமா அங்க போவ? அவனப் பாத்ததுக்கு அப்பறமும்?"

"தெரியலக்கா. போவேனா போகமாட்டேனான்னு எனக்கே தெரியல. தெரியாதத எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீன்னா, அந்தாளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. எங்கள் அப்பாவின் ஈரலைப் பற்றி எனக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான், கையைத் தாளில் இருந்து எடுக்காமல். பேசி ஓய்ந்ததும் மூன்றாவது தாளை எடுத்து, அந்த வரி இல்லாமல் எழுதினேன். கையெழுத்துப் போட்டான். பேனாவை அழுத்திப் போட்டதில் தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை அவன் வேனில் பிள்ளைகளை ஏற்றப் போனான். நான் கடைக்குப் போகும் வழியில் தபாலாபீஸில் இறங்கினேன். உறையை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, ஒப்புகைச் சீட்டைப் பின்னால் வைத்துத் தைத்து நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, பெறுநர் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"இதே ஊருதானுங்களே அக்கா. நேர்ல குடுத்தா இப்பவே போயிருமே?"

"தபால்லயே போகட்டும்" என்றேன்.

முத்திரை குத்தி, உறையை மற்ற உறைகளோடு பையில் போட்டாள்.