மணப்பெண் நடந்து வந்த நாள்

யொன்சிலுக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள். அன்றுதான் புகுந்த வீட்டுக்குப் பல்லக்கில் கிளம்ப வேண்டும். கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புப் பொட்டு வைத்து, கனத்த பட்டுப் பாவாடை உடுத்தி அவள் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை இன்சொப் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தான். அவளை எப்படிக் கூப்பிடுவது என்றே அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, மடியிலிருந்த துணிக்கட்டை எடுத்து நீட்டினான். எல்லாம் கொரியக் கொடிகள். ஜப்பான்காரன் ஆட்சியில் அதைக் கையில் வைத்திருந்தாலே சிறைதான். பழைய அரசர் காலமான துக்கம் ஆறுவதற்குள் நாடெங்கும் ஜனங்கள் தெருவில் இறங்கியிருந்த வசந்தம் அது. வழியிலுள்ள சந்தையில் அன்று உச்சிப்பொழுதுக்குக் கொடி ஏற வேண்டும்.

"வேணாம்னா சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்," என்றான். பல்லக்கு மெத்தைக்கு அடியில் வைக்கலாம் என்பது அவன் யோசனை.

"அங்கதான் முதல்ல கை விடுவாங்க," என்றாள் அவள். வழிப்பயணத்துக்கென்று அம்மா கொடுத்திருந்த பித்தளை மூத்திரப் பானையைத் திறந்து துணிக்கட்டை உள்ளே அமுக்கினாள். இன்சொப் காது சிவந்து வெளியே போய்விட்டான்.

ஆற்றுப் பாலத்தில் போலீஸ்காரன் ஒருவன் பல்லக்கை இறக்கச் சொன்னான். அவனும் கொரியன்தான், சம்பளம்தான் ஜப்பான்காரனுடையது. குதிரைமேல் இருந்த இன்சொப்பின் முகம் வெளிறியது. போலீஸ்காரன் கை திரைச்சீலையில் படும் நேரம், அந்நிய ஆண்களிடம் வாயே திறக்கக் கூடாத மணப்பெண் உள்ளேயிருந்து பேசினாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. பானைமேல உக்காந்திருக்கேன்."

பல்லக்குத் தூக்கிகள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள். போலீஸ்காரன் நெருப்பைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டு, போங்க போங்க என்றான்.

சந்தையில் துணிக்கடைக்காரர் கொடிக்கட்டை வாங்கிக்கொண்டார். உச்சிப்பொழுதில் இன்சொப் கொடியோடு அங்கே நின்ற வண்டிமேல் ஏறி, "மான்செ!" என்று குரல் கொடுத்தான். வாழ்க, வாழ்க என்று சந்தையே திரும்பக் கூவியது. யொன்சில் திரையை விலக்கிப் பார்த்தாள். மூன்று நாளாக வாய் திறக்கக் கூசிய மனுஷனா இது என்றிருந்தது. கழுத்தெல்லாம் சூடேறியது.

ஜப்பான் குதிரை வீரர்கள் வந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. பல்லக்குத் தூக்கிகள் சிதறி ஓடினார்கள். மாமியார் வீடு சேரும்வரை மணப்பெண் கால் மண்ணில் படக் கூடாது என்பது முறை. யொன்சில் இறங்கினாள். இன்சொப்பைக் கை கட்டி இழுத்துப் போனார்கள், உதடு கிழிந்திருந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள்.

"நம்ம வீடு எது?" என்று கேட்டாள்.

அவன் மலைப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினான். "மலையடிவாரத்துல, ரெண்டு பேரிக்காய் மரம் நிக்கும். அம்மா கத்துவாங்க. பயந்துடாதே."

வாசலில் மருமகள் தாண்டுவதற்காக வைக்கோல் தீ மூட்டிக் காத்திருந்த மாமியார், பவுடர் கரைந்த முகத்தோடு ஒற்றையாய் நடந்துவரும் பெண்ணைக் கண்டு, பின்னால் பல்லக்கைத் தேடினாள். யொன்சில் தீயைத் தாண்டி, மண்ணிலேயே விழுந்து வணங்கி, நடந்ததைச் சொன்னாள். மாமியார் கத்தத்தான் செய்தாள்: போலீஸை, மகனை, கல்யாணத் தரகரை, ஊரை, ஒருவரையும் விடவில்லை. மூச்சு வாங்கியபின், "காலைல இருந்து ஏதாவது சாப்டியாடி?" என்றாள்.

அந்தக் கோடை முழுக்கச் சிறைக்குச் சோறும் துணியும் சுமந்து இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வழியில் மாமியார் மகனின் சிறுவயசுக் குறும்புகளைச் சொல்லுவாள். பார்த்துப் பழகாத புருஷனை யொன்சில் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

நாட்டுக்கு விடுதலை அந்த வருஷம் வரவில்லை. வர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. இன்சொப் மட்டும் முதல் பனி விழுந்த வாரத்தில் வந்தான். முற்றத்தில் பெண்கள் இருவரும் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் இலைகளை உப்பில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் அழுதாள், பிறகு எலும்பாய்ப் போனதற்குத் திட்டினாள், பிறகு அறையைச் சூடாக்க அடுப்பு மூட்டுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அவன் குந்தி உட்கார்ந்தான். யொன்சில் காரம் பூசிய இலை ஒன்றைச் சுருட்டி அவன் வாயில் வைத்தாள். சிறைச்சோற்றில் மரத்த நாக்கு எரிந்து அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"காரமா?" என்றாள்.

"இல்ல. இன்னொண்ணு குடு."