முப்பத்தெட்டு கிலோ

விடிந்தும் விடியாத நேரத்தில் எடை மேடைமேல் ஏறி நின்றாள் அமுதவல்லி. முள் முப்பத்தெட்டில் போய் நின்றது. நேற்றும் முப்பத்தெட்டு, போன மாதமும் முப்பத்தெட்டு. மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டால்தானே ஏறுவதற்கு! இறங்கி வந்து பெல்ட்டை எடுத்து மாட்டினாள். நேற்று யார் யாரோ வேர்த்து நனைத்த பெல்ட். அலசிப் போட்டது இன்னும் காயவில்லை. ஈர நாடா தொடையில் சில்லென்று ஒட்டியது. கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு மார்ட்டின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். சேலத்துக்காரன். கயிற்று வேலையை முறையாகப் படித்தவன் அங்கே அவன் ஒருவன்தான்.

"காத்து சரியில்லீங்கக்கா," என்றான்.

"எனக்குத் தெரியலயா? ஆடிக்காத்து. முதலாளிகிட்டச் சொல்லு."

சொன்னான். வாக்கிடாக்கி கரகரத்தது. "எட்டு மணிக்கு ரெண்டு பஸ் வருது. ஆடிப் பதினெட்டும் அதுவுமா காத்து, மழைன்னுட்டு! அனுப்பு."

நாமக்கல் பக்கத்துப் பழைய கல்லுக்குழி அது. கல்லெல்லாம் வெட்டித் தீர்ந்ததும் மழைத்தண்ணீர் நின்று பச்சையாகிவிட்டது. வெட்டி விற்றவரின் மகன், இப்போதைய முதலாளி சித்தார்த், அதன் மேலே இக்கரைக்கும் அக்கரைக்குமாக இரும்புக் கயிறு கட்டி, 'நீலக்குழி சாகசப் பூங்கா' என்று பெயர் வைத்தான். கப்பியில் தொங்கிக்கொண்டு பறக்கச் சனம் கார் போட்டுக்கொண்டு வந்தது.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. வயது பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வரை. எடை நாற்பது முதல் நூறு கிலோ வரை. இதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. இதைப் படித்துச் சொல்வதும், வருகிறவர்களை எடை போட்டு மணிக்கட்டில் பேனாவால் எழுதுவதும், படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவதும் அமுதவல்லியின் வேலை. அதெல்லாம் எட்டு மணிக்கு மேல். அதற்கு முன்னால் அவளே ஒருமுறை பறந்தாக வேண்டும்.

மூன்று வருசத்துக்கு முன் வேலை கேட்டு வந்த அன்றைக்கு நடந்ததைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், வயிறும் எரியும். அந்த போர்டைப் படித்துவிட்டு, வேலைக்கு ஆள் எடுக்கத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது கிலோ வேண்டுமே! ரோட்டோரம் கிடந்த ஜல்லிக் கற்களைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பச்சமுத்துவும் அதையேதான் நினைத்திருந்தார். அந்தக் குழியிலேயே முப்பது வருசம் கல் உடைத்தவர். அன்று அவருக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு என்று சொன்னார். அமுதவல்லி இறங்கும்போது கல் முடிச்சு அவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. சித்தார்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அட, அது வர்ற கஸ்டமருக்குங்க்கா! உங்களுக்கு எதுக்கு போர்டு?"

பச்சமுத்துவும் தலையைச் சொறிந்துகொண்டு தன் நிஜ வயதைச் சொன்னார். "பரவால்ல, ரிஜிஸ்டர்ல அம்பத்திரண்டே இருக்கட்டும்," என்றான் சித்தார்த்.

எடை குறைந்த ஆள் கயிற்றில் போனால் வேகம் பத்தாமல் நடுவில் நின்றுவிடும். அதற்குத்தான் நாற்பது கிலோ. ஆக, முப்பத்தெட்டு கிலோ அமுதவல்லி அக்கரை சேர்ந்துவிட்டால் அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். மூட்டை கட்டி அனுப்பினால் ஆகாதா என்று மார்ட்டின் ஒருநாள் கேட்டான். "மூட்டை வந்து காத்து எப்படி இருக்குன்னு சொல்லுமா?" என்றான் முதலாளி. அவள் நடுவில் நின்றுவிட்டால் போய் இழுத்து வருவது பச்சமுத்து வேலை. கயிற்றைக் கையால் பற்றிப் பற்றிப் போக வேண்டும். அவருக்கு இப்போது அறுபத்தொன்று. நெஞ்சு நிறையக் கல்தூசி.

மார்ட்டின் தள்ளிவிட்டான்.

பாதி தூரம் போனதும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. கப்பியின் சத்தம் குறைந்தது, இழுத்தது, நின்றது. அமுதவல்லி அந்தரத்தில் தொங்கினாள். கீழே பார்க்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் கீழே பார்த்தாள். தண்ணீர் அங்கே எங்கோ கிடந்தது. உடம்பு சுற்றிச் சுற்றி ஆடியது. பயந்து செத்தாள். நர்சிங் படிக்கிற மகள் யாழினியின் முகம்தான் வந்தது. அப்பனில்லாத பிள்ளை. நானும் போனால் அதற்கு யார் இருக்கிறார்கள்?

"அம்மிணி, காலை ஆட்டாத. வாரேன்."

அக்கரையிலிருந்து பச்சமுத்து வந்துகொண்டிருந்தார். கையுறை விரல்கள் கிழிந்திருந்தன. கிட்டே வந்து அவள் பெல்ட்டைத் தன் பெல்ட்டோடு கோத்து, காற்றுக்கு எதிராக இழுக்கத் தொடங்கினார். மூச்சு அவள் காதருகில் விசிலடித்தது.

"ண்ணா, கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கு ஆவுல."

"நின்னா ரெண்டு பேரும் இங்கயே ஆடிட்டிருக்கோணும் சாமி."

அக்கரையில் இறங்குகிற தட்டில் அவளை முதலில் ஏற்றினார். பிறகு தானும் ஏறி, உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்தார். "சம்மட்டில அடிக்கிறாப்புல இருக்குது அம்மிணி," என்றார். அப்படியே சாய்ந்தார்.

குழியைச் சுற்றிக்கொண்டு வந்த மார்ட்டின் ஆம்புலன்ஸ் கூப்பிடப் போனை எடுத்தான். ஓடிவந்த சித்தார்த் அதைப் பிடுங்கினான். "பஸ் உள்ள வர்ற நேரத்துல சைரன் அடிச்சுட்டு வரோணுமா? கேண்டீன் ஆட்டோல ஏத்து!" தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டுப் பச்சமுத்துவைக் கிடத்தினார்கள். கேண்டீனில் மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் பெண்சாதி பாவாயி, மாவுக் கையோடு ஓடிவந்து ஏறினாள். அவள் அழவில்லை. புருசன் முகத்தில் மாவு ஒட்டிவிடக் கூடாதென்று கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லியால் அதைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டோ போனதும் சித்தார்த் அவள் மேசைக்கு வந்தான். குரல் தேன்போல இருந்தது.

"அமுதாக்கா, பச்சமுத்து பேர்ல ஒரு படிவம் போட்டுருங்க. காலைல ஆசைப்பட்டு ஒரு ரைடு போனாருன்னு."

"ரைடா?"

"வயசு ரிஜிஸ்டர்ல அம்பத்தஞ்சுதான் வருது. அதையே போடுங்க. போர்டுக்கு உட்பட்டதுதான். ரேகை நான் வாங்கிக்கறேன்."

அமுதவல்லி படிவத்தைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வாசிப்பது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் ஏறுகிறேன். வயதையோ நோயையோ மறைக்கவில்லை. எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல.' வேலை போய்விடுமே என்று அந்த மனுசன் சொன்ன பொய், இப்போது அவர் கழுத்துக்கே சுருக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

"அவுருக்கு அறுவத்தொண்ணுங்க முதலாளி. அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னாருங்களே."

"சொன்னாருன்னு எங்க எழுதியிருக்குது?" தேன் வற்றிவிட்டது. "யாழினிக்கு நர்சிங் சீட்டு யாரு சொல்லிக் கெடச்சுது? மறந்துட்டியா?"

நீங்க நீயானது. பொய் என்ன சொல்வது! பேனாவை எடுத்துவிட்டாள். 'பெயர்' என்ற இடத்தில் பச்சமுத்து என்று எழுதியும்விட்டாள். பெற்ற மகளா, உயிரைக் கொடுத்து இழுத்து வந்த மனுசனா என்று ஒரு தாயை நிறுத்திக் கேட்கிறவன் மனுசன்தானா?

அப்போது போன் அடித்தது. பாவாயி. அவசரத்தில் அமுதவல்லியின் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"அமுதா, உசுரு இருக்குது. உள்ள கொண்டுட்டுப் போயிட்டாங்க. எங்கீங்க உழுந்தாரு, என்ன வேலைன்னு டாக்டரு கேக்கறாங்க. ஆசைக்கு ரைடு போனாருன்னு சொல்லச் சொன்னாரு முதலாளி. நான் என்னன்னு சொல்லட்டும் சாமி?"

சித்தார்த் கண்ணாலேயே மிரட்டினான். கேண்டீன்காரர்கள், கயிறு பிடிக்கிறவர்கள், பெல்ட் அலசுகிறவர்கள் என்று அங்கே வேலை செய்கிற பதினோரு பேரும் மேசையைச் சுற்றி வந்து நின்றிருந்தார்கள்.

"வேலைலதான் உழுந்தாருன்னு சொல்லுங்கக்கா," என்றாள் அமுதவல்லி. "கயித்துல நின்ன ஆளை இழுத்துட்டு வர்ற வேலை. இழுத்துட்டு வந்தது என்னையத்தான்னு சொல்லுங்க. நான் வந்து சாட்சி சொல்றேன்."

"அமுதா!" என்று கத்தினான் சித்தார்த். "இன்னியோட உனக்கு இங்க சோலி இல்ல!"

வாசலில் முதல் பஸ் வந்து நின்றது. தொப்பியும் கூலிங் கிளாசுமாகச் சனம் இறங்கி வரிசை கட்டியது. அமுதவல்லி எழுந்து அவர்கள் எதிரிலேயே எடை மேடையில் ஏறினாள்.

"முப்பத்தெட்டு," என்று உரக்கப் படித்தாள். "போர்டுப்படி ஆவாதுங்க. நான் இனிக் கயித்துல ஏறமாட்டேன்."

இறங்கித் தன் மணிக்கட்டில் அதை எழுதிக்கொண்டாள். அடுத்து வந்த மார்ட்டின் மேடை ஏறவில்லை. போர்டுக்குக் கீழே போய் நின்றான். "எனக்கு வயசு, எடை எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா இன்னிக்கு இந்தக் காத்துல ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன்." பெல்ட் அலசுகிற ஆத்தாயி, தண்ணீரிலேயே நின்று மூட்டு வீங்கிய கால்களோடு மேடை ஏறினாள். "எனக்கு அம்பத்தொம்பதுங்க. ரிஜிஸ்டர்ல என்ன இருக்குதோ, முதலாளியத்தான் கேக்கோணும்." அவளுக்குப் பின்னால் கயிறு பிடிக்கிற காளியப்பன். ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டையை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான்.

"மத்தியானத்துக்குள்ள சேலத்துல இருந்து வேற ஆள் எறக்குவேன்," என்றான் சித்தார்த். "ஒருத்தருக்கும் வேலை இருக்காது. யோசிச்சுக்குங்க."

"எறக்குங்க. அவுங்களையும் எடை போட்டுத்தான் ஏத்தோணும்," என்றாள் அமுதவல்லி. "அன்னிக்கு நாங்க போர்டைப் பார்த்துட்டு எங்களுக்குன்னு நெனைச்சோம். நீங்க சிரிச்சீங்க. எங்களுக்குந்தாங்க அது."

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் தன் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். சித்தார்த் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டே அங்குமிங்கும் நடந்தான்.

நாளைக்கு அடுப்பெரியுமா, யாழினி படிப்பு என்ன ஆகும், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். வயது அறுபத்தொன்று. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதை அழுத்தி அடித்துவிட்டு, 'முதலாளி அனுப்பிய வேலையில்' என்று எழுதினாள். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது. தன் பெயரை எழுதிவிட்டு மார்ட்டினிடம் நீட்டினாள். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. ஆத்தாயி பேனா மையைக் கட்டைவிரலில் தடவிக்கொண்டு ரேகை வைத்தாள்.

மேசைமேல் இருந்த போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"அமுதா? என்ன சத்தம் அங்க? நீ இருக்கியா சாமி?"

"இருக்கறேங்க்கா," என்றாள். சுற்றிலும் பார்த்தாள். "எல்லாருமே இருக்கறோம்."