சித்தப்பா ஆகாமல் போனவன்

அவளுடைய முதல் வேலை பல் செட் செய்யும் கூடத்தில். யார் யாருடைய வாயிலோ எடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் வெளியே எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். நாள் முழுக்க முகமில்லாத ஈறுகளோடு குடித்தனம். அதனால் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனுக்கு அவள் பல்லழகி. அவன் அப்போதுதான் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்திருந்தான்.

"நீ பல்லைக் கட்டுற. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறேன். நம்ம பொழப்பே பல்லுலதான்" என்பான்.

கல்யாணத்துக்கு முன்பே வீடு பிடித்துவிட்டார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போகவேண்டும். அவன் சுவரில் பலகை அடித்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பார்க்க வந்த அவளுடைய அக்கா, "தட்டை வச்சா அதுவே கைக்கு வந்துடும். வசதிதான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா போன பிறகு அவளை வளர்த்துப் படிக்கவைத்தவள் அந்த அக்காதான். துணி இஸ்திரி போடும் இடத்தில் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போன மறுநாளும் வேலைக்குப் போனவள். இடுப்பில் எப்போதும் மகள் இருப்பாள். குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, வேலைக்கு நடுவில் தலை வலிக்கிறதென்று அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆள் அனுப்பியும் குட்டியின் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்கு வந்தாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயமென்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவனும் முகம் சுளிக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும் வழியில் மாடியேறி வருவான். "யாரு வந்திருக்கா பாரு" என்பான். "சித்தப்பா" என்பாள் குட்டி, கதவுக்குப் பின்னாலிருந்து.

ஒருநாள் அவனுக்கு அவசரம். புதிய வழித்தடத்தில் முதல் நாள். நின்றபடியே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். குட்டி ரொட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பால் கிளாஸை அவனிடம் நீட்டினாள். கிளாஸ் நழுவியது. சீருடை முழுக்கப் பால்.

"தண்டச்சோறு!" என்று கத்திவிட்டான்.

குட்டிக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்துவிட்டாள். அவன் முகம் வெளுத்துப்போனது. ஈரச் சட்டையோடேயே இறங்கிப் போனான்.

சாயங்காலம் அவள் கூடத்து வாசலில் காத்திருந்தான்.

"எங்க வீட்டுல இருக்கறவரு என்னைப் பெத்தவர் இல்லன்னு உனக்குத் தெரியும். அவர் எப்படிச் சோறு போட்டாருன்னு உனக்குச் சொன்னதில்ல. இன்னொரு வாட்டி கேட்டா, கரண்டி பாதியில நிக்கும். அப்புறம் அந்த வார்த்தை வரும். ஒருநாளும் அடிச்சதில்ல. அடிச்சிருந்தாக்கூடத் தேவலைன்னு இருக்கும்."

"அவர் வேற, நீ வேற."

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். காலையில அவர் குரல் என் தொண்டையிலேர்ந்துதானே வந்துச்சு?"

"ஒருநாள் கோவம்டா. குழந்தை மறந்துடும்."

"நான் மறக்கலையே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, என்னதான் பண்ணலாங்கற?"

"கொஞ்ச நாள் எங்கயாவது விடுதியில..." என்று தொடங்கியவன், தானே தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கக்கா என்னை எங்கயும் கொண்டுபோய் விடல."

"தெரியும். அவளை விட்டுடுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கூட இருக்கத் தைரியமும் வரல."

"கத்துக்கலாம். நான் மட்டும் பொறந்ததுலேர்ந்தேவா பல்லு கட்டுறேன்? எத்தனை செட்டைக் கெடுத்திருக்கேன்!"

"கெட்டா மெழுகை உருக்கிடுவ பல்லழகி. குழந்தையை உருக்க முடியாது."

தெருவில் போகிறவர்கள் பார்க்க, அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவனும் அழுதான். பிரிந்துபோகிறவர்களைப் போலவே இல்லை.

சில நாள் கழித்துச் சாவியைக் கொடுக்க வந்தான். காலடிச் சத்தத்திலேயே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கணம், இருக்கத்தான் வருகிறான் என்று மனசு துள்ளியது. அவன் வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அன்னிக்குக் கத்துனது தப்பு. நீ நல்லாச் சாப்பிடணும், என்ன?" என்றான் குட்டியிடம்.

"சரி. உள்ள வா சித்தப்பா."

அவன் குழந்தையின் தலையைத் தடவினான். உள்ளே வரவில்லை.

கல்யாணத்துக்கென்று குறித்திருந்த நாளில் அவள் வேலைக்குப் போனாள். கூடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன் வேறு டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். குட்டி பள்ளிக்கூடம் போனாள், உயரமானாள், சித்தியோடு சண்டை போடக் கற்றுக்கொண்டாள். நடுவில் இரண்டு இடங்களிலிருந்து அவளைப் பெண் கேட்டார்கள். இரண்டு வீட்டாரும் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது, குழந்தையை யாரிடம் விடுவாள் என்பதைத்தான்.

பிறகு ஒருநாள் கூடத்துத் தோழி மெழுகைச் சீவிக்கொண்டே சொன்னாள்: "உன் டிரைவரைப் பூங்காவுல பார்த்தேன்டி. கல்யாணமாகி ஒரு பையன் இருக்கான் போல. கிண்ணத்தை வச்சுக்கிட்டு அவன் பின்னாடியே ஓடி ஓடி ஊட்டுறாரு. புள்ள வாயிலேர்ந்து துப்புது, இந்த மனுஷனுக்குக் கோவமே வரல. அப்படி ஒரு பொறுமை!"

"அவனுக்கு வராதுடி. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு எழுந்து போய், கை கழுவும் இடத்தில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். தோழிக்குக் கேட்டது. அவள் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.