ஒரு கூரை, ரெண்டு புள்ளத்தாச்சி

தவமணிய மொதல்ல எனக்குப் புடிக்கவே இல்ல. எண்பத்தஞ்சாம் வருஷம், சண்டைக்குப் பயந்து இலங்கையிலேர்ந்து படகேறி வந்தவ. அவ புருஷன் மில்லு வாசல்ல நின்னு கெஞ்ச, அங்க வேல பாக்குற எங்க வூட்டுக்காரரு கோவிந்தசாமி எளகிப்போய் ரெண்டு பேரையும் ரெட்டியார்பாளையத்துல எங்க வூட்டுக்கே கூட்டியாந்துட்டாரு. அன்னிக்கி நான் பாத்திரத்த உருட்டுன உருட்டுல தெருவே எட்டிப் பாத்துச்சு. தானத்துக்கும் ஒரு அளவு வேணாமா?

புருஷங்காரன் மன்னாருலேர்ந்து அம்மாவ அழச்சிக்கிட்டு வரேன்னு திரும்பிப் போனான். போனவன் போனவந்தான். இவ வயித்துப் புள்ளையோட எங்க பின்கட்டுல தங்கிட்டா. "அம்மா, தேத்தண்ணி குடிக்கிறியளோ"ன்னு அவ வந்து நின்னா எவளுக்குக் கோவம் நிக்கும்? எல்லாக் கொழம்புலயும் தேங்காப்பால ஊத்திடுவா. தென்னந்தோப்புலயாடி பொறந்தேன்னு திட்டிக்கிட்டே ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்பேன்.

அதே நேரம் எம் பொண்ணு வசந்தாவும் முழுகாம இருந்தா. வில்லியனூருல கட்டிக் குடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வூட்டுலதான? வளைகாப்பு முடிச்சி கையோட அழச்சிக்கிட்டு வரணும்னு அந்த நாளுக்காகவே நான் உசுர வெச்சிருந்தேன். வளைகாப்பு அன்னிக்கி விடியக்காலம் எழுந்து ஏழு வகை சாதமும் எங்கூட நின்னு கெளறுனவ தவமணிதான்.

வில்லியனூருல வளையல் போட்டு முடிஞ்சதும் சம்பந்தி அஞ்சலாட்சி என்ன கெணத்தடிக்குக் கூப்புட்டா.

"சம்பந்தியம்மா, ஒரே கூரையில ரெண்டு புள்ளத்தாச்சி இருக்கக்கூடாது. ஒருத்திக்கு ஆவாது. அந்தப் பொண்ண அனுப்பிட்டு எம் மருமவள அழச்சிக்கிட்டுப் போங்க."

கெட்டவ இல்ல அவ. வசந்தாவ உள்ளங்கையில வெச்சித் தாங்குறவ. எனக்கும் அந்தப் பயம் உண்டு, பொய் சொல்லக்கூடாது. எங்க வூட்டுக்காரரு என்ன ஓரமா இழுத்து, அகதிங்களுக்குன்னு சர்க்காரு கேம்ப் வெச்சிருக்கு, அரிசி குடுக்குறான், அங்க விட்டுடலாம்னாரு. கூட்டியாந்தவரே அவருதான்! நெறமாசத்துக்காரி, வலி எடுத்தா கைய புடிக்க அங்க யாரு இருக்கா?

வசந்தாவுக்கு இந்த வூடு இருக்கு, புருஷன் இருக்கான், மாமியா இருக்கா. தவமணிக்கு என்னா இருக்கு? கணக்கு என்னமோ சுலபமாத்தான் வந்துச்சு. பெத்த வயிறு கணக்குக்கு அடங்குமா?

"எம் பொண்ணு இங்கியே இருக்கட்டும், நீங்களே பாத்துக்கங்க"ன்னேன் சம்பந்திகிட்ட.

வசந்தா கை நெறைய வளையலோட, பொட்டிய கட்டிவெச்சிட்டு ஒக்காந்திருந்தா. வெவரத்த சொன்னேன். "அப்ப நான் வரலியாம்மா?"ன்னா. சண்ட போட்டிருந்தா தேவலாம். எந்தோளுல தலய சாச்சிக்கிட்டா பாரு, அதுல செத்தேன். பஸ்ஸுல வழியெல்லாம் முந்தானையால மூக்க சிந்திக்கிட்டே வந்தேன்.

தவமணி வாசல்ல ஆரத்தித் தட்டோட காத்துக்கிட்டிருந்தா. எங்களுக்குப் பின்னால பாத்தா. தங்கச்சி எங்கன்னு கேட்டா. இந்த மனுஷன் வாயில எது நிக்கும்? எல்லாத்தையும் கொட்டிட்டாரு. தட்ட கீழ வெச்சிட்டு உள்ள போனவ, துணிப்பையோட வெளிய வந்தா.

"உங்கட மகள் வரட்டும் அம்மா. நான் கேம்புக்குப் போறன்."

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், நெலவாசல மறிச்சிக்கிட்டு நின்னுட்டேன்.

"எம் பொண்ண அங்க அழ விட்டுட்டு வந்து நிக்கிறேன். இப்ப நீயும் போயிட்டியானா, அவள எதுக்குடி விட்டுட்டு வந்தேன்?"

அவ பைய கீழ வெச்சா.