தோலை விட்டுவைத்த மூலக்கூறு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் மனைவியின் அக்கா. “எழுதுங்க மாப்பிள்ளை. ஆனா படிக்கிறவங்க என்னைப் பார்த்து உச்சுக் கொட்டற மாதிரி எழுதாதீங்க.”

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆய்வுக்கூடத்தில் மயான அமைதி நிலவியபோது...’

(அடித்துவிட்டேன். “அங்கே எப்பவும் நாலு ஃப்ரிட்ஜ் உறுமிக்கிட்டே இருக்கும்” என்றாள் மனைவி.)

2

என் மனைவி வேதியியலாளர். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பாப்பிலோமா வைரஸோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் வேலை. தடுப்பூசி அந்த வைரஸை வாசலிலேயே நிறுத்தும். உள்ளே வந்துவிட்டதை விரட்டாது. விரட்ட ஒரு மாத்திரை வேண்டும். வைரஸ் பெருகுவதற்கு அதன் இரண்டு புரதங்கள் கைகோத்தாக வேண்டும். அந்தக் கைகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும் சின்னஞ்சிறு மூலக்கூறைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அக்காவுக்கே அந்த வைரஸ் இருப்பதாகச் சோதனை முடிவு வந்தது. நேராக எங்கள் சமையலறைக்கு வந்தார்.

“அவராலதானாடி?” (தன் கணவரைச் சொல்கிறார்.)

“யாராலன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாதுக்கா. வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்கும். அத்தானைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தாதே.”

“சரி, உன் மருந்து எப்ப வரும்?”

“உனக்கு உதவற நேரத்துக்கு வராதுக்கா. டாக்டர் சொன்னப்ப மறுபடி டெஸ்டுக்குப் போ. முக்கால்வாசிப் பேருக்கு உடம்பே விரட்டிடும்.”

இந்த இடத்தில் அக்காவை அழவைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் நடந்தது வேறு. “அப்புறம் எதுக்குடி பண்டிகை நாள்லகூட லேப்லயே குடியிருந்தே?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். என் மனைவிதான் அழுதாள்.

3

அதுவரை அவள் செய்த மூலக்கூறுகளெல்லாம் வைரஸோடு சேர்த்து உயிரணுக்களையும் தீர்த்துக்கட்டின. ஒரு காலையில், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து வைரஸ் ஏற்றிய மெல்லிய தோலில் வைரஸ் குறைந்திருந்தது. தோல் அப்படியே இருந்தது. அவள் நம்பவில்லை. எந்தத் தட்டில் மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்று சொல்லாமல், தோழியிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னாள். அதே விடை. உடனே அக்காவுக்கு ஃபோன்.

“அக்கா, தோல் உயிரோட இருக்கு!”

“யாரு தோலுடி?”

4

அக்காவின் மறுசோதனையில் வைரஸ் இல்லை. மூலக்கூறுக்கு இதில் பங்கே கிடையாது; உடம்பே பார்த்துக்கொண்டது. (இரண்டையும் முடிச்சுப் போட்டால் கதை அழகாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும்.)

“உன் உடம்பு என்னை முந்திக்கிச்சு” என்றாள் மனைவி, கொஞ்சம் பொறாமையோடு.

அத்தான் அன்று மருத்துவமனைக்குக் கூடவே போயிருந்தார். இடையில் அவர்கள் வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கற்பனை செய்யப்போவதில்லை.

மூலக்கூறு இனி எலிகளுக்குப் போகும். அங்கே தேறினால் மனிதர்களுக்கு. பாதி வழியில் கவிழவும் கவிழலாம். அது தெரிந்தும், இதை எழுதும் நேரத்தில் என் மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

‘ஒருநாள் அந்த மாத்திரை எல்லா மருந்துக்கடைகளிலும்...’ என்று முடித்திருந்தேன். அக்கா வாசித்துப் பார்த்தார். என் பேனாவை வாங்கி அந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

“இது உங்க வரி இல்ல மாப்பிள்ளை. அவ செஞ்சு முடிக்கட்டும், அப்புறம் எழுதலாம்.”

அதற்கான இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு அவள் முடித்தால், அந்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்: