மேஜர் ஆனதற்கு என்ன ஆதாரம்?

நான் வெளிநாட்டிலிருந்து திரும்பி எட்டு மாதம் ஆகிறது. பதக்கம் இன்னும் குத்தப்படவில்லை. ஆகவே நான் இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறேன்.

விதி அப்படி. கடல் கடந்து சிறப்பாகப் பணியாற்றிய அதிகாரி, பதக்கம் சட்டையில் ஏறும் நிமிடத்தில்தான் ஊர் திரும்பியவர் ஆகிறார். என் மனைவி ரோஸ்லின் விதிகளை மதிப்பவள். அவளுடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர்.

சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரேதான் உட்காருவாள். என்னைப் பார்க்க மாட்டாள். ஒருநாள், "ரோஸ்லின், சட்னி" என்றேன். அவள் போனை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, யாரு? சரியாக் கேக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆனால் வாரம் தவறாமல் கடிதம் எழுதுவாள். அதே மேஜையில்தான் எழுதுவாள். தபால்காரர் பூவலிங்கம் வாசலில் வாங்கிக்கொண்டு போவார். பன்னிரண்டாம் நாள் அதே வாசலுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார்.

"ஃபாரின் தபால் சார். இங்கே ஒரு கையெழுத்து."

"அன்புள்ள அத்தானுக்கு, ரோஸ்லின் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது."

அன்றே குழாயைச் சரிசெய்தேன். அடுத்த கடிதம் வந்தது. "குழாய் தானாகவே சரியாகிவிட்டது. கர்த்தர் பெரியவர். ஆனால் தினமும் நான்கு இட்லி குறைகிறது. எலிப்பொறி வாங்கியிருக்கிறேன்."

கவனமாகச் சாப்பிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கடிதம்தான் என்னை உலுக்கியது. "ஒருத்தியாக இந்த வீட்டில் இனி முடியாது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு நாகர்கோவிலுக்கு அம்மாவிடம் போகிறேன்." கடிதம் பன்னிரண்டு நாள் பழையது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அவள் என் எதிரே உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். நூலின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். முடிச்சு நன்றாக விழுந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை.

மறுநாள் காலை பதக்கப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே வராந்தாவின் நீளம் பதவியைப் பொறுத்தது. ஜெனரலுக்கு ஆறடி. மேஜருக்கு நானூறு அடி. பாதி வழியில் ஒரு சுபேதார் பாய் விரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப தூரமா?" என்றேன்.

"உங்களுக்கு இல்ல சார். எனக்கு இன்னும் நாலு நாள்."

கவுன்டரில் மதுரவல்லி என்ற எழுத்தர் இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர்.

"பேரு?"

"மேஜர் ஞானதிரவியம்."

"மேஜர் ஆனதுக்கு என்ன ஆதாரம்?"

தோள்பட்டையைக் காட்டினேன்.

"தோளெல்லாம் எடுத்துக்க மாட்டோம். பிறப்புச் சான்றிதழ் வேணும்."

"மேஜர்ங்கிறது பதவிங்க."

"என்ன பெரிய பதவி? பதினெட்டு முடிஞ்சா எல்லாருக்கும்தான் கிடைக்குது. எப்போ மேஜர் ஆனீங்க?"

"ஆறு வருஷம் முன்னாடி."

விரல்களை மடக்கினார். "அப்போ உங்களுக்கு இருபத்துநாலு வயசு. முடி ஏன் இப்படி நரைச்சிருக்கு?"

"எனக்கு நாற்பத்தொரு வயசு."

"அப்போ முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் மைனராவா இருந்தீங்க?"

"அதுவரைக்கும் கேப்டன்."

"எந்த டீம்?"

 அவர் என் மௌனத்தைப் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

"வெளிநாட்டுல என்ன வேலை பார்த்தீங்க?"

"ரெண்டு நாட்டுப் படைக்கும் நடுவுல மணல்ல ஒரு கதவு இருந்துச்சு. சுவர் கிடையாது, கதவு மட்டும்தான். அதைச் சாத்தினா சண்டை. பதினாலு மாசம் திறந்தே பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"கதவு பிடிக்கிற வேலை. சின்னப் பையன் பார்க்கிற வேலை." அவருக்கு எல்லாம் பொருந்திவிட்டது. "மைனர்னு போட்டுக்கறேன். வீட்டுல கார்டியன் யாரு?"

"ரோஸ்லின்."

"பதக்கத்தை அவங்க கையிலதான் கொடுக்க முடியும். மைனருக்குப் பதக்கம் கிடையாது."

"அப்போ எனக்கு?"

"மைனருக்குச் செயின்தான்."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த சங்கிலியை எடுத்தார். விரல் கனம் இருந்தது. "மேல் ரெண்டு பட்டனையும் கழட்டுங்க. செயின் தெரியணும். இதைப் போட்டுக்கிட்டா இங்கே ஒரு கையெழுத்து."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விழா. மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ரோஸ்லின் மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் முதல் வரிசையில் இருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். காலியாக இருக்கிறதென்று நினைத்து அவள் கைப்பையை என் மடியில் வைத்தாள். நான் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஜெனரல் பாராட்டுரையை வாசித்தார். "ஒரு கதவைப் பதினான்கு மாதம் சாத்தவிடாமல் பிடித்திருந்த திருமதி ரோஸ்லின் அவர்களுக்கு."

அவள் மேடை ஏறினாள். பதக்கத்தை அவள் தோளில் சேலை மடிப்பில் குத்தினார்.

"கை வலிச்சுதாம்மா?" என்று ஜெனரல் கேட்டார்.

"பழகிடுச்சு சார்" என்றாள் ரோஸ்லின்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். செயின் குலுங்கியது. பின்வரிசையில் ஒருவர், "யாரோ மைனர் வந்திருக்கான்" என்றார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பதக்கம் போய்விட்டது. இனி நான் ஊர் திரும்ப வழியே இல்லை. வீட்டில் பதினோரு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

சனிக்கிழமை காலை மதுரவல்லியே ஒரு பழுப்பு உறையோடு வீட்டுக்கு வந்தார். ரோஸ்லினிடம் கொடுத்தார்.

"ஒரு சின்னச் சிக்கல்ம்மா. பதக்கம் வாங்கிட்டீங்க. ஆனா நீங்க கடல் கடந்ததா ஃபைல்ல இல்ல. சேவை பாக்கி நிக்குது."

"அதுக்கு?"

"போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. பதினாலு மாசம்தான்."

"எந்த ஊருக்கு?"

"ஏற்கெனவே அங்கே ஒருத்தர் இருக்கார். மைனர். அவர் இருக்கிற இடத்துக்குத்தான். தனியா விட முடியாதில்ல?"

ரோஸ்லின் உறையை இரண்டு தடவை படித்தாள். பிறகு பெட்டிகளின் நூலை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். நாகர்கோவிலுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எனக்கும் ஒன்று எழுதி, இரண்டையும் பூவலிங்கத்திடம் கொடுத்தாள். ஒரே ஒரு சூட்கேஸோடு வெளியே போய் வீட்டைப் பூட்டினாள். சாவியை எதிர்வீட்டு தாவூத் சாரிடம் கொடுத்தாள். ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. நான் உள்ளே இருந்தேன்.

எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். குழாய் ஒழுகவில்லை. இட்லியும் இல்லை. வெறும் எலிப்பொறி இருந்தது. அதில் இருந்த தேங்காய்ச் சில்லை எடுத்துத் தின்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஜன்னல் வழியாகக் கடிதம் வந்தது.

"அன்புள்ள அத்தானுக்கு, புறப்பட்டு வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள்."

பூட்டிய கதவு. உள்ளிருந்து கைப்பிடியில் கை வைத்தேன். திறந்தது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். காலை ஏழு மணியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

பகல் இரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது. ரோஸ்லின் சூட்கேஸை இறக்கினாள். தெருவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்றாள் ஆட்டோக்காரரிடம்.

அப்புறம் என்னைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள்.

"என்னங்க, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?"

"சட்னி சரியில்ல" என்றேன்.

"கழுத்துல என்னது?"

"மைனர் செயின்."

"வெளிநாட்டுக்கு வந்து இதெல்லாம் பழகிட்டீங்களா? முதல்ல பட்டனைப் போடுங்க."

போட்டேன். அவள் உள்ளே வந்தாள். சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மி வலது பக்கம் இருக்கு, பரவாயில்ல" என்றாள். சேலையிலிருந்து பதக்கத்தைக் கழற்றி, காலண்டர் ஆணியில் மாட்டினாள்.

நான் இன்னும் வாசலில் நின்றேன்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? கதவைச் சாத்துங்க, ஈ வருது."

மணலில் நின்ற பதினான்கு மாதத்தில் யாரும் எனக்கு அந்த உத்தரவைக் கொடுத்ததில்லை. சாத்தினேன்.

வெளியே பூவலிங்கத்தின் சைக்கிள் வந்து நின்றது. மணி அடித்துப் பார்த்தார். எதிர்வீட்டில் தாவூத் சாரின் குரல் கேட்டது.

"அங்கே யாரும் இல்லப்பா. ரெண்டு பேருமே ஃபாரின்ல இருக்காங்க."

"அப்படியா சார்?" என்றார் பூவலிங்கம். "உள்ள இட்லி வேகிற வாசனை வருதே."