க்ளைவ் தொடாத சக்கரம்

ஸ்பேனர் பிடியில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, நெவில் தன் தொந்தி முழுவதையும் அதன் மேல் சாய்த்தான். மேசை ஆடியது, கொட்டகைச் சுவர் ஆடியது. அசைய வேண்டியது மட்டும் அசையவில்லை.

"செத்தும் பிடிவாதத்த விடலையே உன் புருஷன்."

"வாயால கழட்டாத, கையால கழட்டு" என்றாள் பெரில்.

இறந்துபோன கணவன் க்ளைவின் சைக்கிளிலிருந்து கழற்றிய பின்சக்கரத்தை அவள் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தாள். புதுச் செயின் பழைய பற்களில் வழுக்குவதால், பற்சக்கர அடுக்கையே மாற்ற வேண்டியிருந்தது. மறுநாள் சைக்கிள் கிளப்பின் பந்தயம். உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால், அடுத்து வரும் பந்தயத்தில் அவருடைய சைக்கிளை நண்பன் ஒருவன் ஓட்டுவான், அவர் கிளம்பும் இடத்திலிருந்தே கிளம்புவான். பர்னி ஊரில் அது வழக்கம். க்ளைவுக்காக ஓட்டப்போவது நெவில். பலம் குறைந்தவர்களை முதலில் விட்டு, பலசாலிகளைக் கடைசியில் விடுவார்கள். யார் எந்தக் கூட்டத்தில் என்று முடிவு செய்பவன் நெவில். அவன் முதல் கூட்டம். க்ளைவ் என்றைக்கும் கடைசி.

போன குளிர்காலத்தில் டூமி மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது க்ளைவின் இதயம் நின்றுபோனது. சட்டென்று நடந்திருக்கிறது, அவருக்கே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். வந்தவர்கள் சொன்ன ஆறுதல்களில் பெரிலின் மனதில் ஒட்டியது அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள், எழுந்தாள்.

படீரென்று சத்தம். அடுக்கைப் பூட்டியிருந்த மேல் வளையம் கழன்றது.

"வந்துட்டான்யா!" என்றான் நெவில். ஆனால் அடுக்கு வரவில்லை. கடலோர உப்புக் காற்றில் துருப்பிடித்தது போதாதென்று, பற்சக்கரங்கள் நடுவிலிருந்த அலுமினிய உருளையைக் கடித்துக்கொண்டிருந்தன. துண்டுச் செயின் கோத்த கம்பியைச் சுற்றி, ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் சுண்டினான். சின்னவை எளிதாக உருவிக்கொண்டு வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பெரியது மட்டும் வர மறுத்தது. மேடு ஏற முடியாதவர்களுக்கான சக்கரம் அது. க்ளைவ் அதற்குச் சோம்பேறிச் சக்கரம் என்று பெயர் வைத்திருந்தான். நெவில் தன் சைக்கிளில் அதற்கு மாறும்போதெல்லாம், "என்னடா, தூங்கிட்டே ஏறுறியா?" என்று ஊர் கேட்கக் கத்துவான்.

சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்த பிறகு நெவில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சட்டென்று அதைத் துணியில் சுருட்டிப் பைக்குள் போடப் போனான்.

"என்னத்த ஒளிக்கிற? குடு இங்க."

"விடு பெரில். பழைய இரும்பு."

அவள் பிடுங்கினாள். மேசையில் கிடந்த சின்னச் சக்கரங்களின் பற்கள் கடையில் வாங்கியபடியே இருந்தன. இதன் பற்கள் மட்டும் தேய்ந்து, கூர்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. அலுமினியத்தில் இது கடித்த இடத்தில் அவள் நகம் முழுசாக இறங்கியது.

"இத எப்ப மாட்டினான்?"

"போன வருஷம், கோடையில." நெவில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "வேற எதையும் தொடவே இல்ல பெரில். இதுலயே உயிரக் குடுத்து மிதிச்சிருக்கான்."

பயிற்சி முடித்துத் தாமதமாக வந்த காலைகளில் க்ளைவ், எதிர்க்காற்று என்பான். முகம் வெளுத்திருக்கும். அவளும் காற்றைத் திட்டிவிட்டு முட்டை பொரிப்பாள்.

"அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

இல்லை என்று நெவில் சொல்லவில்லை. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரு தடவ கேட்டான்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "என்னை முன்னாடிக் கூட்டத்துல போடேன்னான். க்ளைவ் கேக்குறான், முன்னாடிக் கூட்டம்! கிண்டல் பண்றான்னு நெனச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன். அவனும் சிரிச்சான்."

பெரில் அழுதாள். டாக்டரின் வார்த்தை கைவிட்டுப் போன துக்கமும், அத்தனை நாள் பக்கத்தில் படுத்திருந்தும் சொல்லாமல் போனவன் மேலுள்ள கோபமும் சேர்ந்து அவளை உலுக்கின. அவள் முழங்கால்களிலிருந்து சரிந்த பின்சக்கரத்தை நெவில் பிடித்துக்கொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "நாளைக்கு நீ எங்கேருந்து கிளம்புற?"

"அவன் இடத்துலேருந்துதான். கடைசிக் கூட்டம்."

"வேண்டாம். முதல் கூட்டத்தோட போ. அவன் கேட்டதக் குடு."